ஜெல் பாலிஷை எடுக்க எது நல்லது: ஃபாயிலா, பார்லரா, வளரவிட்டு வெட்டுவதா?

தங்கை கல்யாணம் கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் கும்பகோணத்தில் நடந்தது. முந்தின நாள் பத்து விரலுக்கும் மெரூன் நிறத்தில் ஜெல் பாலிஷ் போட்டுக்கொண்டேன். தில்லி திரும்பி மூன்று வாரம் ஆகிறது. நகத்தின் அடியில் இரண்டு மில்லிமீட்டருக்கு வெறும் நகம் வளர்ந்து தெரிகிறது. வலது கட்டை விரலில் பாலிஷின் ஓரம் எழும்பிவிட்டது, தலை வாரும்போது அதில் முடி மாட்டுகிறது. கை சும்மா இருக்கும் நேரமெல்லாம் இன்னொரு விரல் அந்த ஓரத்தைத் தேடிப் போகிறது. லேசாக நெம்பினால் போதும், ஒரே தகடாக வந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் நெம்பி எடுத்தேன். வந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் அடியில் வெள்ளையாக, வெங்காயச் சருகுபோல, என் நகத்தின் மேல்படலம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்பிறகு அந்த விரலால் பூண்டு உரிக்க முடியவில்லை, நகம் காகிதம்போல மடங்கியது. சுடுதண்ணீர் பட்டால் சுரீரென்றது. ரசத்துக்குப் புளி கரைக்கும்போது எரிந்தது. எல்லாம் சரியாக ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது.

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு நகம் அடியிலிருந்து நுனிவரை முழுசாகப் புதிதாக வர ஏறக்குறைய ஆறு மாதம் வேண்டும். மருதாணி வைக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு கண்ணால் பார்த்ததுதான். ஆடியில் வைத்த சிவப்பு நகத்தோடு நகர்ந்து நகர்ந்து, பொங்கல் சமயத்தில் நுனியில் பிறைபோல நின்று, வெட்டும்போது போகும். தோலில் கீறல் விழுந்தால் ஆறிவிடுகிறது. நகம் ஆறாது, பிய்ந்த இடம் வளர்ந்து வெளியே வந்து வெட்டுப்பட்டால்தான் தீரும். அதனால் வழிகளை ஒப்பிடும்போது செலவையும் நேரத்தையும்விட, எடுத்து முடித்தபின் நகம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

விரலில் இருப்பது எந்த ஜெல்?

சாதாரண நெயில் பாலிஷ் காற்றில் உலர்கிறது. அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போனபின் மிஞ்சும் படலம்தான் நாம் பார்க்கும் நிறம். மறுபடி கரைப்பான் பட்டால் மறுபடி கரையும், இரண்டு தேய்ப்பில் போய்விடும். ஜெல் பாலிஷ் உலர்வதில்லை. யூவி அல்லது எல்இடி விளக்கின் அடியில் கையை வைத்ததும் அதிலுள்ள அக்ரிலேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியான பிளாஸ்டிக் வலையாகிவிடுகின்றன. அந்த வலையை அசிட்டோன் கரைப்பதில்லை. உள்ளே புகுந்து உப்ப வைக்கிறது, நகத்தோடு இருக்கும் பிடிப்பைத் தளர்த்துகிறது. ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக எழும்புமே, ஏறக்குறைய அந்த மாதிரி. உப்புவதற்கு நேரம் வேண்டும். வீட்டில் எடுப்பவர்களில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பாதி உப்பியதைச் சுரண்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பார்லரில் 'ஜெல்' என்று சொல்வது ஒரே பொருள் இல்லை. உங்கள் சொந்த நகத்தின் மேல் பாலிஷ்போல மெல்லிசாகப் பூசியிருந்தால் அது ஊறவைத்து எடுக்கக்கூடிய வகையாக இருக்கும். நகத்தை நீளமாக்கியோ, நடுவில் மேடாக வரும்படி தடிமனாகவோ போட்டிருந்தால் அது ஹார்டு ஜெல்லாக இருக்கலாம். ஹார்டு ஜெல் அசிட்டோனுக்கு மசியாது, ராவித்தான் எடுக்க வேண்டும். அக்ரிலிக் நீட்டிப்பு அசிட்டோனில் இளகும், ஆனால் நிறைய நேரம் எடுக்கும். விரலைத் திருப்பி நகத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். உங்கள் நகம் முடிந்த இடத்துக்கு அப்பாலும் ஏதோ நீண்டு போகிறது என்றால் இந்தக் கட்டுரையில் சொல்லும் வீட்டு வழிகள் உங்களுக்கு இல்லை, நேரே பார்லருக்குப் போய்விடுங்கள். சந்தேகமாக இருந்தால் போட்ட இடத்துக்கே போன் செய்து, ஊறவைத்து எடுக்கலாமா, ராவ வேண்டுமா என்று கேளுங்கள். ஒரு நிமிஷ வேலை.

ஃபாயில் சுற்றும் வழி

என் தேர்வு இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேவையானவை: தூய அசிட்டோன், 180 கிரிட் (சொரசொரப்பின் அளவு) நெயில் ஃபைல், பஞ்சு, சப்பாத்தி சுற்றும் அலுமினிய ஃபாயில், மரக்குச்சி, எண்ணெய். பாட்டிலை வாங்கும்போது லேபிளைப் பார்ப்பது முக்கியம். சாதாரண நெயில் பாலிஷுக்கு விற்கும் பல ரிமூவர்களில் அசிட்டோனே இருக்காது, நகத்துக்கு இதமானது என்று அதையே பெருமையாகப் போட்டிருப்பார்கள். அவை ஜெல்லை அசைக்காது. அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டு, 'எனக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது' என்று சொல்பவர்களின் கையில் அநேகமாக அந்தப் பாட்டில்தான் இருக்கும்.

முதலில் மேல் பளபளப்பை ராவ வேண்டும். டாப் கோட் இருக்கும்வரை அசிட்டோன் உள்ளே இறங்காது. முழு நகமும் மங்கலாகி, ஸ்லேட்டுப் பலகைபோலத் தெரிந்தால் போதும். நிறத்தைத் தாண்டி இறங்கக் கூடாது. ராவும்போது வரும் தூளில் அக்ரிலேட் இருக்கிறது, அது மூக்குக்கும் தோலுக்கும் நல்லதல்ல. முகக்கவசம் போட்டுக்கொண்டு, பழைய செய்தித்தாள் விரித்து அதன்மேல் ராவுங்கள்.

அடுத்தது எண்ணெய். நகத்தைச் சுற்றியுள்ள தோலில் தடவினால் அசிட்டோன் தோலை வறளடிப்பது குறையும். தில்லிக் குளிரில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், டிசம்பரில் பாட்டிலுக்குள் வெண்ணெய்போல உட்கார்ந்திருக்கும். அதைக் கரண்டிக் காம்பால் கொஞ்சம் எடுத்துத் தோலில் மட்டும் வைத்தால் வழியாமல் நிற்கும். நம் ஊரில் செய்தால் வழிந்து பாலிஷ் மேலேயே ஏறிவிடும், எண்ணெய் ஏறிய இடத்தில் அசிட்டோன் வேலை செய்யாது. அங்கே இருப்பவர்கள் வாசலின் வைத்துக்கொள்வது நல்லது.

கார்த்திகை தீபத்துக்குத் திரி செய்ய வாங்கிய பஞ்சு மிச்சம் இருந்தது. அதை நக அளவுக்குப் பிய்த்து, அசிட்டோனில் நனைத்து, நகத்தின் மேல் மட்டும் வைத்தேன். விரல் நுனி முழுக்க மூடும் அளவுக்குப் பெரிய பஞ்சு வைப்பதில் லாபம் இல்லை, தோல்தான் கூடுதலாகக் காயும். அதன்மேல் ஃபாயில் துண்டைச் சுற்றி நுனியைக் கசக்கி மடக்க வேண்டும். அசிட்டோன் சட்டென்று ஆவியாகிவிடும், அதைத் தடுத்து உள்ளேயே நிறுத்துவதுதான் ஃபாயிலின் வேலை. ஒரு சமயத்தில் ஒரு கை. பத்து விரலையும் சுற்றிக்கொண்டால் கதவைத் திறக்கவோ போனை எடுக்கவோ முடியாது. யாராவது கூட இருந்து சுற்றிவிட்டால் இன்னும் நல்லது.

பத்து முதல் பதினைந்து நிமிஷம் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். இங்கே மார்கழியில் அறைக்குள்ளேயே 14 டிகிரி இருக்கும்போது எனக்கு இருபத்தைந்து நிமிஷம் பிடித்தது. குளிரில் அசிட்டோன் மெதுவாகத்தான் வேலை செய்யும். வெந்நீர்ப் பையை முன்கூட்டியே நிரப்பி, துண்டில் சுற்றி, ஃபாயில் போட்ட கையை அதன்மேல் வைத்துக்கொண்ட பிறகு வலது கைக்குப் பதினைந்து நிமிஷம் போதுமானதாக இருந்தது.

பிரித்தபோது மெரூன் பாலிஷ் காய்ந்த மிளகாய்த் தோல்போலச் சுருங்கி, நகத்தைவிட்டு எழும்பி நின்றது. மரக்குச்சியால் அடியிலிருந்து நுனிப்பக்கமாகத் தள்ளினால் அதுவே நழுவும். நழுவாத இடத்தில் குச்சியை அழுத்தக் கூடாது. புதுப் பஞ்சு, இன்னும் ஐந்து நிமிஷம். எனக்கு மூன்று விரல்கள் இரண்டாம் முறை கேட்டன. இரும்புக் கருவி, கத்தி முனை, காசு எதையும் எடுக்காதீர்கள். ஈரத்தில் இளகியிருக்கும் நகத்தின் மேல் இரும்பு பட்டால் பாலிஷோடு நகத்தையும் சேர்த்து வழிக்கும்.

செலவு என்று பார்த்தால் பாட்டில், ஃபைல், குச்சி எல்லாம் சேர்த்து எனக்கு 350 ரூபாய்க்குள் முடிந்தது, 100 மி.லி. பாட்டிலில் பாதிக்குமேல் இன்னும் இருக்கிறது. நேரம், இரண்டு கைக்கும் ஒரு மணிக்கு மேல்.

ஹீட்டர் இருக்கும் வீட்டில்

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும், இதை நினைக்கவே வேண்டியதில்லை. தில்லியில் டிசம்பர், ஜனவரியில் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணி செருகி, தரையில் ஹீட்டரை வைத்து, அதைச் சுற்றித்தான் வீடே உட்கார்ந்திருக்கிறது. அசிட்டோன் சுமார் மைனஸ் 20 டிகிரியிலேயே தீப்பற்றத் தேவையான ஆவியை விடத் தொடங்கிவிடும். நமக்கு எவ்வளவு குளிராக இருந்தாலும் அதற்குக் குளிர் இல்லை. அதன் ஆவி காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம், மேலே போகாமல் தரையோடு படரும். சிவக்கச் சிவக்க எரியும் ஹீட்டர் கம்பியும் அதே தரையில்தான் இருக்கிறது.

ஆகவே ஹீட்டரை அணைத்து, கம்பி ஆறியபிறகு, ஜன்னலைத் திறந்துவிட்டு உட்காருங்கள். சால்வை போர்த்திக்கொள்ளலாம், ஒரு மணி நேரம்தானே. சமையலறையில் செய்யக் கூடாது. சுவாமி மாடத்தில் விளக்கு எரிந்தாலும் ஊதுபத்தி புகைந்தாலும் அந்த அறை வேண்டாம். அசிட்டோனை அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்; 56 டிகிரியிலேயே கொதித்துவிடும் திரவம் அது. நனைந்த பஞ்சையும் ஃபாயிலையும் பால்கனியில் நன்றாகக் காயவிட்டுப் பிறகு குப்பையில் போட வேண்டும். பாட்டில் மூடியை ஒவ்வொரு தடவையும் இறுக்கி மூடுங்கள். நான் பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, கதவோரமாக நாற்காலி போட்டுக்கொண்டேன். குளிரத்தான் செய்தது.

கிண்ணத்தில் முக்குவது

கண்ணாடிக் கிண்ணத்தில் அசிட்டோனை ஊற்றி, அதை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து, விரல்களை முக்குவது இன்னொரு வழி. ஃபாயிலைவிடச் சுலபம், கொஞ்சம் வேகமும்கூட. ஆனால் ஐந்து விரல் நுனியும் முழுசாகக் கரைப்பானில் ஊறுகிறது, திறந்த கிண்ணத்திலிருந்து ஆவியும் கூடுதலாக வருகிறது. ஏற்கெனவே தோல் வெடிக்கும் இந்தக் குளிரில் இதை நான் செய்யமாட்டேன். விரல் மூட்டு வலியால் ஃபாயில் சுற்ற முடியாத பெரியவர்களுக்கு வேண்டுமானால் பொருந்தும், அதுவும் ஜன்னலோரத்தில். கிண்ணம் கண்ணாடியாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும். தெர்மாகோல் கப்பில் ஊற்றினால் கப்பு கரைந்து மேஜைமேல் ஓடும், வார்னிஷ் அடித்த மேஜையும் போய்விடும்.

மேஜிக் ரிமூவர்

சதர் பஜாரில் இப்போது குவியலாகக் கிடைப்பது இதுதான். சின்ன பாட்டில், தூரிகையால் தடவினால் மூன்று முதல் ஐந்து நிமிஷத்தில் பாலிஷ் குமிழ்விட்டுச் சுருங்குகிறது. பார்க்க அதிசயமாகத்தான் இருக்கிறது. ஃபாயில் வேண்டாம், காத்திருக்க வேண்டாம். என் கவலை பாட்டிலுக்குள் இருப்பது எது என்பதில். இந்த வகைக் கலவைகள் சிலவற்றில் மெத்திலீன் குளோரைடு சேர்ப்பது உண்டு. டைகுளோரோமீத்தேன் என்றும் அதற்குப் பெயர். பழைய பெயிண்டை உரிப்பதற்குப் பயன்பட்ட கரைப்பான் அது. அமெரிக்காவில் அழகுசாதனப் பொருள்களில் அதைச் சேர்க்கக் கூடாதென்று 1989லேயே தடை வந்துவிட்டது. தோலில் பட்டால் எரிச்சல், மூடிய அறையில் மூச்சோடு போனால் கெடுதல்.

நான் எடுத்துப் பார்த்த மூன்று பாட்டில்களில் இரண்டில் உள்ளடக்கப் பட்டியலே இல்லை. மூன்றாவதில் இருந்தது, தமிழோ இந்தியோ ஆங்கிலமோ இல்லை, என்னால் படிக்க முடியவில்லை. எல்லாப் பாட்டிலும் கெட்டது என்று சொல்லவரவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று படிக்க முடிந்து, அந்த இரண்டு பெயரும் இல்லாவிட்டால், தோலில் படாமல் தடவிப் பார்க்கலாம். படிக்க முடியாததை விரலில் வைக்க வேண்டாம்.

மெஷின், எலுமிச்சை, பற்பசை

ஆன்லைனில் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்கு நெயில் ட்ரில் மெஷின் வருகிறது. பழகிய கைக்கு அது நல்ல கருவி. பழகாத கையில், அதுவும் வலது கை நகத்தை இடது கையால் ராவும்போது, பாலிஷ் எங்கே முடிந்து நகம் எங்கே தொடங்குகிறது என்று தெரிவதற்குள் குழி விழுந்துவிடும். ஒரே இடத்தில் நின்றால் சூடேறி நகத்தடியில் சுடும். மொத்த நகமே அரை மில்லிமீட்டர் கனம்தான். வேண்டாம்.

எலுமிச்சைச் சாறு, வினிகர், பற்பசை, உப்பு போட்ட சுடுதண்ணீர் எதுவும் இறுகிப்போன ஜெல்லை ஒன்றும் செய்யாது. சோப்புத் தண்ணீரில் எண்ணெய் விட்டு ஊறவைத்தால், ஏற்கெனவே எழும்பிய ஓரம் மட்டும் இன்னும் கொஞ்சம் எழும்பும். அந்த ஓரத்தை நகவெட்டியால் வெட்டிவிடலாம், அவ்வளவுதான் அதன் பயன். பல் இடுக்கு நூலை ஓரத்தில் விட்டு அறுத்தெடுக்கும் வீடியோக்களும் வருகின்றன. கையால் பிய்ப்பதற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

ஒன்றும் செய்யாமல் வளரவிடுவது

இந்த வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கோ இதன்மேல் நிறைய மரியாதை உண்டு. பளபளப்பை ராவி மங்கலாக்கி, தடிமனைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, நகம் வளர வளர நுனியை ஒட்ட வெட்டிக்கொண்டே வருவது. அசிட்டோன் வேண்டாம், நாற்றம் இல்லை, நகத்துக்குச் சேதமும் இல்லை. விரல் தோலில் கரப்பான் (எக்ஸிமா) உள்ளவர்கள், ஏற்கெனவே ஒருமுறை பிய்த்து நகம் மெலிந்துபோனவர்கள், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். பார்க்க நன்றாக இருக்காது. ஐந்து, ஆறு மாதம் பாதி நிறமும் பாதி வெறுமையுமாக அலைய வேண்டும், அலுவலகத்தில் நாலு பேர் கேட்பார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பாலிஷ் எழும்பிய இடத்தில் தண்ணீர் தங்கும். நாளெல்லாம் பாத்திரம், துணி என்று ஈரத்தில் கை வைப்பவர்களுக்கு அந்த இடுக்கில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியேறி, நகம் பச்சையாக நிறம் மாறலாம். எழும்பிய பகுதியை உடனுக்குடன் வெட்டிவிட வேண்டும். பச்சை தெரிந்தால் வளரவிடும் யோசனையைக் கைவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதன்மேல் இன்னொரு பாலிஷ் பூசி மறைக்கக் கூடாது.

பார்லர்

எங்கள் மயூர் விஹார் பக்கம் நான் விசாரித்த இரண்டு இடத்தில் ஒன்றில் 300 ரூபாய், இன்னொன்றில் 500. அங்கேயே புதிதாகப் போட்டுக்கொண்டால் எடுப்பதற்குக் காசு வாங்குவதில்லை என்றார்கள். ஹார்டு ஜெல், நீட்டிப்பு, அக்ரிலிக் என்றால் வேறு பேச்சே வேண்டாம், இங்கேதான் போக வேண்டும்.

ஆனால் பார்லர் என்றால் நகம் பத்திரம் என்று நினைத்துவிட முடியாது. போன வருஷம் நான் போன ஓர் இடத்தில் ஐந்து நிமிஷம் ஃபாயில் சுற்றிவிட்டு, அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று இரும்புக் கருவியால் சுரண்டினார்கள். 'வலிக்கிறது' என்றதற்கு 'அப்படித்தான் இருக்கும்' என்று பதில் வந்தது. அப்படி இருக்கக் கூடாது. எடுக்கும்போது வலிக்கவே கூடாது. வலித்தால் நகத்தைத்தான் எடுக்கிறார்கள் என்று அர்த்தம். உட்காரும்போதே “மஷீன் மத் சலானா, பிகோகே நிகாலோ” (மெஷின் போடாதீர்கள், ஊறவைத்து எடுங்கள்) என்று இந்தியில் சொல்லிவிடுங்கள். கூட்டமில்லாத வார நாள் மத்தியானம் போனால் அவர்களுக்கும் பொறுமை இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் போவதைவிட வீட்டில் ஃபாயில் சுற்றுவது எவ்வளவோ மேல்.

நேரமே இல்லை என்றால்

போன மாதம் இரவு ஒன்பதரைக்குக் கீழ் வீட்டுப் பெண் போன் செய்தாள். பித்தப்பைக் கல் ஆபரேஷன், மறுநாள் விடியற்காலை.

“அக்கா, காலையில ஆறு மணிக்கு அட்மிட் ஆகணும். நகத்துல ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு இப்பதான் சொல்றாங்க. பார்லர் எல்லாம் மூடியாச்சு. பிச்சு எடுத்துடவா?”

“பிய்க்காதே. சரி, பத்து விரலும் எடுக்கணும்னாங்களா?”

“அதைக் கேக்கலையே அக்கா.”

“கேட்டுட்டுக் கூப்பிடு. அதுக்குள்ள நான் பஞ்சும் பாட்டிலும் எடுத்துண்டு கீழ வரேன்.”

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் சிவப்பு, அகச்சிவப்பு என்று இரண்டு வகை ஒளியை நகத்தின் வழியாக அனுப்பி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் கணிக்கிறது. அடர்த்தியான நிறங்கள், முக்கியமாகக் கருப்பு, நீலம், பச்சை, அந்த அளவில் குழப்பம் உண்டாக்கலாம். நகத்தின் இயற்கையான நிறத்தைக் கண்ணால் பார்க்கவும் மயக்க மருத்துவர்கள் விரும்புவார்கள். அவளுடைய மருத்துவமனையில் கையொன்றுக்கு இரண்டு விரல் போதும் என்றார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலுமாக நான்கு நகம், முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டோம். மிச்சத்தை அவள் வீடு திரும்பி இரண்டு வாரம் கழித்து நிதானமாக எடுத்தாள். உங்கள் மருத்துவமனை பத்தையும் எடுக்கச் சொன்னால் பத்தையும் எடுக்க வேண்டியதுதான், அதில் நம் யோசனைக்கு இடமில்லை. ஆனால் எத்தனை விரல் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தேதி முன்பே தெரிந்தால் ஒரு வாரம் முன்னதாகவே எடுத்துவிடுவது நல்லது. காந்தம் வைத்துக் கோடு வரவழைக்கும் கேட் ஐ பாலிஷ் போட்டிருந்தால் அதில் இரும்புத் துகள் உண்டு, எம்ஆர்ஐ ஸ்கேனுக்குப் போகும் முன் அங்கே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு அவசரமும் சென்ற வருஷம் பார்த்தேன். ஜெல் பாலிஷ் விளக்கில் இறுகுவதற்குச் சேர்க்கும் டிபிஓ (TPO) என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனப் பொருள்களில் தடை செய்தது. செய்தி வந்த அன்று சிநேகிதி ஒருத்தி பயந்துபோய் நான்கு நகத்தைப் பிய்த்துவிட்டாள். அடுத்த முறை பாட்டில் வாங்கும்போது டிபிஓ இல்லாததாகப் பார்த்து வாங்குவது சரியான யோசனை. விரலில் ஏற்கெனவே இறுகி இருப்பதை அன்றைக்கே பிய்க்க அந்தச் செய்தியில் காரணம் எதுவும் இல்லை.

அவசரப்பட வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டென்றால் அது ஒவ்வாமைதான். போட்ட சில நாளில் நகத்தைச் சுற்றி அரிப்பு, வீக்கம், கொப்புளம், நகம் சதையைவிட்டுக் கழன்று வருவது, சிலருக்குக் கண்ணிமையில்கூடத் தடிப்பு. இது ஜெல்லில் உள்ள மெத்தக்ரிலேட் என்ற ரசாயனத்தால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கும், பல் அடைப்புக்கு வைக்கும் பொருளில்கூட அதே குடும்பத்து ரசாயனம் இருப்பதால் பின்னால் அங்கும் தொந்தரவு வரலாம். இந்த அறிகுறி இருந்தால் வீட்டில் ராவிப் பார்க்க வேண்டாம், தூள் இன்னும் பரவும். மருத்துவரிடம் போங்கள்.

எடுத்தபிறகு

என் பத்து விரலும் நேற்று ராத்திரி முடிந்தன. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்ததும் நகமெல்லாம் சாக்குக்கட்டி தேய்த்ததுபோல வெள்ளை பூத்திருந்தது. முன்பெல்லாம் அதைப் பார்த்துப் பயந்து பஃபரால் (நகத்தை மெருகேற்றும் கட்டை) தேய்ப்பேன், அதில் நகம் இன்னும் மெலியும். அது பெரும்பாலும் அசிட்டோன் ஈரத்தை உறிஞ்சிய வறட்சிதான். தேங்காய் எண்ணெயை உள்ளங்கைச் சூட்டில் உருக்கி நகத்திலும் சுற்றித் தோலிலும் தேய்த்துவிட்டுப் படுத்தேன், இன்றைக்குக் காலையில் பாதி வெள்ளை மறைந்துவிட்டது. இரண்டு, மூன்று நாள் எண்ணெய் வைத்த பிறகும் மறையாமல், தடவினால் சொரசொரப்பாக ஒரு திட்டு நின்றால், அங்கே படலம் பிய்ந்திருக்கிறது. அந்த நகத்தை ஒட்ட வெட்டி, பாத்திரம் தேய்க்கும்போது கையுறை போட்டு, வளரும்வரை காப்பாற்ற வேண்டும்.

வலது கட்டை விரலில், அந்த எழும்பிய ஓரம் இருந்த இடத்தில், விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். வழவழவென்று இருக்கிறது. மத்தியானம் அரைக்கிலோ பூண்டு உரித்தேன்.